ரூட்டர் அறியாத வாக்குறுதி

ஒருவர் இணையத்தில் எந்தத் தளத்தை நாடினாலும் அதன் பெயருக்குரிய எண் முகவரியைப் பெரும்பாலும் ஒரு டிஎன்எஸ் சேவையிடமே கேட்டறிய வேண்டியிருப்பதால், அவருடைய நோயும் கடனும் அரசியல் அபிப்பிராயமும், தளத்தின் உள்ளடக்கம் எவ்வளவு பத்திரமாக மறையாக்கம் செய்யப்பட்டிருந்தபோதிலும், வெறும் பெயர்களின் வரிசையாக அச்சேவையை நடத்துவோரின் கைக்கு வந்து சேர்கின்றன. அத்தகைய ஸ்தானத்தில் இருப்போர் "நாங்கள் பதிவு வைப்பதில்லை" என்று சொல்லும்போது, அவ்வாக்கு எந்தெந்தக் கருவிகளைக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்பது நம் தொழிலைச் சேர்ந்தவர்களின் முதற் கடமை என்று கருதுகிறோம்.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 ஏப்ரல் 1 அன்று 1.1.1.1 சேவையைத் தொடங்கியபோது, கேட்பவரின் ஐபி முகவரியை வட்டில் எழுதுவதில்லை என்றும், பதிவுகளை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாகவும், இவற்றை வெளித் தணிக்கையாளரைக் கொண்டு பரிசோதிக்கச் செய்வதாகவும் பிரதிக்ஞை செய்தது. கேபிஎம்ஜி நடத்திய அப்பரிசோதனையின் முடிவு 2020 மார்ச்சில் வெளியானபோது, அந்நிறுவனமே ஒரு விஷயத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது: அதன் ரூட்டர்கள், தம் வழியே செல்லும் போக்குவரத்து முழுவதிலிருந்தும் 0.05 சதவீதம் வரை, அதாவது 2,000-க்கு ஒன்று என்ற அளவு வரை, கேட்பவரின் ஐபி முகவரியோடு சேர்த்து மாதிரி எடுத்து, கோளாறு கண்டறியவும் தாக்குதல்களைத் தடுக்கவும் சில காலம் வைத்திருந்தன. டிஎன்எஸ் மென்பொருள் தன் வாக்கைக் காப்பாற்றியது; ஆனால் கேள்வி அந்த மென்பொருளை அடையுமுன் கடந்துவந்த ரூட்டருக்கு அவ்வாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒளித்து வைத்திருந்தால் வெளியார் எவரும் எளிதில் அறிந்திருக்க முடியாத இதனைத் தாமே வெளியிட்டதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அச்சேவையின் குறையாக மட்டும் இதை எண்ணிவிடுவது பெரும் பிழையாகும். நள்ளிரவில் ஏதோ பழுது பார்ப்பதற்காக டிசிபிடம்ப் ஓட்டியவர், பழுது தீர்ந்ததும் அழிக்க மறந்து தம் கோப்புறையில் விட்டுச்சென்ற பாக்கெட் கோப்பும், மென்பொருள் நிலைகுலைந்தபோது நினைவகம் முழுவதையும் அப்படியே கொட்டி வைத்த கோர் டம்பும், மூலப் பதிவு அழிந்த பின்னும் பேக்கப்பில் தங்கிவிட்ட அதன் பிரதியும் இல்லாத சர்வர் அறை அரிது. இவற்றுள் ஒன்றையேனும் குறிப்பிடும் தனியுரிமை அறிக்கை அதனினும் அரிது.

இந்தியாவில் சேவை நடத்துவோருக்கு இன்னொரு நிர்ப்பந்தமும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகள் அனைத்தின் பதிவுகளையும் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், விபிஎன், கிளவுட் போன்ற சேவைகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் காக்க வேண்டும் என்றும் விதித்தது. தம் வாக்கைக் கைவிட மனமில்லாத சில விபிஎன் நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. இவ்வுத்தரவு அளவு கடந்தது என்பது நம் அபிப்பிராயம். எனினும் அது அமலில் இருக்கும்வரை, அதற்குக் கட்டுப்பட்டுக்கொண்டே "பதிவு இல்லை" என்று விளம்பரம் செய்வது பொய்யேயன்றி வேறில்லை.

2020 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 8932, டிஎன்எஸ் சேவை நடத்துவோர் வெளியிட வேண்டிய அறிக்கையைக் கொள்கை, நடைமுறை என்று இரண்டாகப் பிரித்து, கொள்கையிலிருந்து நடைமுறை எங்கெங்கே விலகுகிறது என்பதற்கென்றே ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறது. அந்த இடத்தைச் சட்டப் பிரிவினர் மட்டும் தனியே நிரப்பிவிட முடியாது. ரூட்டரைப் பராமரிப்பவரும், பேக்கப் எடுப்பவரும், இரவுப் பணியில் பழுது பார்ப்பவரும் ஒன்றாக அமர்ந்து, ஒரு கேள்வி நுழைவது முதல் பதில் வெளியேறுவது வரை அதைத் தொடும் கருவிகள் யாவை, ஒவ்வொன்றும் எதை எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று எழுதி முடித்த பின்னரே வாக்குறுதியின் வாசகத்தில் கைவைக்க வேண்டும். புதிய கருவி ஒன்று ரேக்கில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குறிப்பைத் திருத்தவும் வேண்டும்.