தீர்ந்ததா, கசிந்ததா?

சொல் ஒன்று தவறினால் பொருள் தவறும். பொருள் தவறினால் செயலும் தவறும். இலக்கண வகுப்பில் மாணவர்க்கு நாள்தோறும் நாம் எடுத்துரைக்கும் இவ்வுண்மை, கார் பழுதுபார்க்கும் பட்டறைக்கும் பொருந்தும் என்பதைத் திருப்பூரில் ஒரு கோடைநாளில் கண்டேன். அங்கே ஒரு வினைச்சொல் பிழையாக வழங்கி வருகிறது. அப்பிழையால் எளியவர் பணம் வீணாகிறது. தொழிலின் நேர்மை குன்றுகிறது. நம் தலைக்கு மேலுள்ள வானமும் கெடுகிறது. ஒரு தமிழ்த்துறை மலரில் கார் ஏ.சி.யைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

எம் நண்பர் ஒருவர் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவரிடம் இருப்பது பதினெட்டு ஆண்டுப் பழைய கார். மூச்சிரைப்பால் வாடும் தாயாரை மாதந்தோறும் கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கென்றே அதனை விற்காமல் வைத்திருக்கிறார். சித்திரை பிறந்தால் அக்காரின் ஏ.சி. வெறுங்காற்றையே வீசும். உடனே ஒரு பட்டறைக்குச் செல்வார். அரை மணி நேரத்தில் கேஸ் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். சில மாதங்கள் குளிரும். அடுத்த கோடையில் மீண்டும் அதே வெறுங்காற்று. மீண்டும் அதே செலவு. இவ்வாறு மூன்று கோடைகள் கழிந்தன. நான்காம் கோடையில், தாராபுரம் சாலையை ஒட்டிய சிறு பட்டறை ஒன்றுக்கு என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.

"பாய், கேஸ் தீர்ந்துபோச்சுங்க, நிரப்பிக் குடுங்க" என்றார் நண்பர்.

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அம்முதியவர் சொன்னார்: "தீர்றதுக்கு அது என்ன பெட்ரோலுங்களா? எங்கியோ ஒழுகுதுங்க. வண்டிய ஒரு நாள் உட்டுட்டுப் போங்க."

மூன்று ஆண்டுகளாக எவரும் கூறாத உண்மை அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. 'தீர்தல்' வேறு, 'கசிதல்' வேறு. பெட்ரோல் எரிந்து தீரும். மீண்டும் நிரப்புவது முறை. ஏ.சி.யில் உள்ள கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அது ஓயாமல் சுற்றிவருகிறது. கம்ப்ரஸர் அதனை அழுத்திச் சூடேற்றுகிறது. முன்புறத்துக் கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வின் வழியே புகுந்து அழுத்தம் குறைகிறது. டேஷ்போர்டின் உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும்போது, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கொதிப்பதால் எப்படிக் குளிரும் என்று மாணவர்கள் கேட்கலாம். இன்றைய கார்களில் பெருவழக்காக உள்ள ஆர்-134ஏ என்னும் பொருள் இயல்பான காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால்தான் நமக்குக் குளிராகத் தோன்றும் காற்றின் வெப்பமே அதனைக் கொதிக்க வைக்கப் போதுமானதாகிறது.

ஆகவே கேஸ் குறைந்திருக்கிறதென்றால் அது எங்கோ வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். ரப்பர்க் குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் ஒரே ஆண்டில் குளிர் முழுதும் நின்றுவிடுமாயின் அங்கே ஓட்டை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸை மட்டும் நிரப்புவது பழுதுபார்ப்பதாகுமா? அது பழுதுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதன்றோ!

அம்முதியவர் செய்த பணியை அருகிருந்து கண்டேன். முதலில் பெல்ட், கம்ப்ரஸரின் கிளட்ச், கண்டென்சர் விசிறி ஆகியவற்றைப் பார்த்தார். குளிர் இல்லாமைக்கு எப்பொழுதும் கேஸே காரணமாக இருக்க வேண்டியதில்லை. விசிறி சுற்றாவிட்டாலும், கண்டென்சரின் இடுக்குகளில் தூசியும் பஞ்சும் அடைத்துக்கொண்டாலும் குளிர் குன்றும். பிறகு குழாய்களில் நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, இணைப்புதோறும் சோப்பு நுரை தடவினார். வெளியில் எங்கும் குமிழி எழவில்லை. "அப்ப உள்ளதாங்க இருக்கோணும்" என்று டேஷ்போர்டைக் கழற்றினார். கூலிங் காயிலின் அடிப்புறத்தில் ஈரமும் தூசியும் சேர்ந்து அலுமினியத்தை அரித்திருந்தன. ஊசிமுனை அளவே ஓட்டை! காயிலை மாற்றினார், ஓ-ரிங்குகளையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதியனவாகப் போட்டார். வேக்குவம் பம்பை நெடுநேரம் ஓட்டி, உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் அகற்றினார். முடிவில், பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த தாளில் குறித்த அளவைப் படித்து, கேஸ் உருளையைத் தராசின் மேல் வைத்து, எடை பார்த்து நிரப்பினார். மிகுதியாக நிரப்பினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு என்றார்.

திருப்பூர் மக்களுக்கு இம்முறை புதிதன்று. வட்டப் பின்னல் எந்திரத்தில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் நீளவாட்டில் கோடு விழும். கோட்டைக் கண்டவுடன் எந்திரத்தை நிறுத்தி ஊசியைத் தேடி மாற்றுவார்களேயன்றி, துணியில் விழும் கோட்டைத் தைத்துக்கொண்டே எந்திரத்தை ஓட்டுவார் எவருமில்லை. துணியில் காட்டும் அந்த அறிவைத் தம் காரில் காட்ட ஏனோ நாம் மறந்துவிடுகிறோம்.

இது அறிவுப் பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும். ஓட்டை இருக்கிறது என்று அறிந்தும் அதனைக் கூறாமல் கேஸ் நிரப்பி அனுப்புகிறவர் எதனை விற்கிறார்? குறை மறைத்த பொருளையே விற்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய பெருமானார், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடிந்துரைத்தார்கள். இந்நிகழ்ச்சியை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் ஓட்டையும் குவியலுக்குள் மறைந்திருந்த ஈரமும் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கப்படும் வாகனம் அமானிதம். அதன் குறையை உள்ளபடி கூறுவதே அந்த அமானிதத்தைப் பேணுவதாகும்.

வெளியேறிய கேஸ் எங்கே போகிறது என்பது அடுத்த வினா. காணாமற் போனது இல்லாமற் போனதாகாது. இப்பாடத்தைத் திருப்பூரைவிடக் கசப்பாகக் கற்ற ஊர் வேறில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீர் ஓடிப்போனதென்று எண்ணியிருந்தோம். அது நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறுகளையும் நிலங்களையும் உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவு வெளியேற்றம் முற்றும் நிற்கும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. தொழிலாளர் வேலையிழந்து தவித்த அந்நாள்களை ஊர்ப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னரே, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கே நிலைபெற்றது.

நொய்யலுக்கு நேர்ந்தது வானத்துக்கும் நேர்ந்தது. பழைய அம்பாசடர், காண்டெஸா போன்ற கார்களின் ஏ.சி.யில் இருந்தது ஆர்-12 என்னும் கேஸ். இவ்வகைப் பொருள்கள் மேலெழும்பி, ஞாயிற்றின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்டு ஆகிய அறிஞர் இருவர் 1974-இல் எச்சரித்தனர். 1985-இல் தென்துருவத்தின் மேல் அப்படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று; 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1995-இல் மோலினா, ரோலண்டு ஆகியோர் குருட்ஸன் என்னும் அறிஞரோடு நோபல் பரிசு பெற்றனர். வளரும் நாடுகளும் 2010-க்குள் ஆர்-12-ஐக் கைவிட்டன. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் புவியைச் சூடாக்கும் ஆற்றலில், நூறாண்டுக் கணக்கில், அதன் ஒரு கிலோ கரியமிலவாயுவின் ஆயிரம் கிலோவுக்கும் மிகையானது. அதனையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021-இல் ஏற்பளித்தது. ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறவர், தம் காரைக் குளிர்விக்க ஊரைச் சூடாக்குகிறார். பழுதுபார்க்கும் முன் எஞ்சிய கேஸைக் காற்றில் திறந்துவிடும் வழக்கமும் அத்தகையதே. அதனை உறிஞ்சி உருளையில் சேமிக்கும் கருவிகள் உள்ளன. சாயநீரை மீட்கக் கற்ற ஊர் கேஸையும் மீட்கக் கற்கலாகாதா?

இதற்கு ஒரு மறுப்பு எழும். "ஓட்டையைத் தேடினால் ஒரு நாள் போகும், கூலி மிகும், வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்" என்பர் தொழிலாளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குற்றம் பட்டறையினுடையது மட்டுமன்று. அரை மணி நேரத்தில் முடித்துத் தா என்று நெருக்குகிற நம்முடையதும் ஆகும். எம் நண்பர் முந்திய மூன்று கோடைகளில் கேஸுக்குக் கொட்டிய பணம், ஓட்டையைக் கண்டறிய ஆன கூலியைவிட மிகுதி. தேடும் உழைப்புக்குக் கூலி தர மறுத்தால், தேடாத பட்டறைகளே ஊரில் நிலைக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, கார் வைத்திருப்போர்க்கு: "கேஸ் நிரப்புங்கள்" என்று கேளாதீர், "எங்கே கசிகிறது என்று பாருங்கள்" என்று கேளுங்கள். இரண்டாவது, பட்டறையாளர்க்கு: கசிந்த இடம், மாற்றிய பாகம், நிரப்பிய கேஸின் பெயர், எடை ஆகிய நான்கையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆர்-12 இருந்த பழைய காருக்கு ஆர்-134ஏ நிரப்புவதாயின், பழைய எண்ணெய் அதனோடு கலக்காது. எண்ணெய், டிரையர், ஓ-ரிங் ஆகியவற்றை மாற்றாமல் நிரப்புவது கம்ப்ரஸரைக் கொல்லும். மலிவு கருதி எரியும் வாயுவை நிரப்புவதோ உயிருக்கே உலை வைப்பதாகும்.

மூன்றாவது வேண்டுகோள் நம் தமிழ்த்துறைக்கு. அம்முதியவர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். அவருடைய அறிவு முழுவதும் கையிலும் காதிலும் தங்கியிருக்கிறது, ஏட்டில் ஏறவில்லை. அவரிடம் பழகும் சிறுவன் படித்துப் பயில எளிய தமிழில் ஒரு கையேடு அவன் கைக்கு எட்டுமாறு இருக்கிறதா? நம் மாணவர் இருவர் ஒரு கோடை விடுமுறையில் அப்பட்டறையில் அமர்ந்து, அவர் சொல்லும் சொற்களாலேயே, பழுதறியும் முறையை எழுதி வாங்கினால் முப்பது பக்க நூல் ஒன்று கிடைக்கும். கம்ப்ரஸருக்குப் புதுச்சொல் படைப்பதைவிட, 'தீர்ந்தது' என்னும் பிழையை நீக்கி 'கசிந்தது' என்னும் மெய்யை ஊரார் நாவில் நிலைநிறுத்துவது தமிழுக்கு நாம் செய்யும் பயனுள்ள தொண்டாகும்.

சென்ற வைகாசியில் அக்காரில் நானும் கோவைக்குச் சென்றேன். பின்னிருக்கையில் நண்பரின் தாயார் அவிநாசியைத் தாண்டுமுன்பே உறங்கிவிட்டார். பழுது நீக்கி ஓராண்டு கடந்தும் குளிர் குறையவில்லை. மறைந்திருக்கும் குறையைத் தேடிக் காணும் பொறுமையையும், கண்டதை மறைக்காமல் கூறும் நேர்மையையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!