தெருவிளக்குக்கும் ஓர் அளவை வேண்டும்

முல்லைப் பெரியாறு அணையில் இன்று தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும், தேநீர்க் கடையில் பத்திரிகை புரட்டும் பெரியவர் முதல் நாற்றங்காலில் நிற்கும் பெண்மணி வரையில், ஏறக்குறையச் சரியான விடையே கிடைக்கும். மேற்கே ஓடிய நதியை 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கிழக்கே திருப்பிவிட்ட காலந்தொட்டு, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் ஜீவனமே அந்த அளவுகோலை நம்பியிருப்பதால், அணையில் நீரை எவ்வளவு உயரம் தேக்கலாம், 152 அடியா, 136 அடியா, 142 அடியா என்று எழுந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி 142 அடிக்குத் தீர்ப்பு வந்தபோது, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத விவசாயியும் தன் உரிமை இன்னதென்று ஓர் எண்ணால் சொல்ல வல்லவனாயிருந்தான். அளக்கப்படுகிற பொருளைப் பற்றியே ஜனங்கள் நியாயம் கேட்க முடிகிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை.

இப்படி அளவறிந்து வாழும் பிரதேசத்தில், ஊராட்சியின் சொற்ப வருமானத்திலிருந்து மின்கட்டணம் செலுத்தி நாம் வாங்குகிற தெருவெளிச்சத்துக்கு மட்டும் அளவில்லாமல் போனது வியப்பே. சுருளிப்பட்டியை எடுத்துக்கொள்வோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பிதுர்க்கடன் தீர்க்கச் சுருளித் தீர்த்தத்தை நோக்கி வரும் கூட்டமும், கருக்கலிலேயே பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களுக்கு நடக்கும் வேலையாட்களும், சமயங்களில் மேகமலைக் காட்டிலிருந்து இறங்கும் யானையும் பங்கிட்டுக்கொள்ளும் சுற்றுவட்டாரம் அது. இத்தகைய ஊர்களில் விளக்கைக் குறித்து எழும் புகார்கள் இரண்டே: எரியவில்லை என்பது ஒன்று, புதிதாக ஒரு கம்பம் நடவேண்டும் என்பது மற்றொன்று. எரிகிற விளக்கு போதிய ஒளி தருகிறதா என்று மூன்றாவதாக ஒரு கேள்வி எழுவதே இல்லை. எழுந்தாலும் விடை சொல்ல ஊராட்சியின் கையில் கருவியில்லை.

அந்தக் கருவியோ அபூர்வமான வஸ்து அன்று. உள்ளங்கையில் அடங்கும் அந்த ஒளிமானியின் முகப்பில் வெள்ளைக் கவிகை ஒன்று இருக்கும். அதனடியில் சிலிக்கான் உணரியும், மனிதக் கண் எந்த நிறத்தை எவ்வளவு கூர்மையாக உணர்கிறதோ அவ்வளவே உணரியும் உணரும்படி ஒளியை வடிகட்டித் தரும் கண்ணாடியும் உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி பரவி விழுந்தால் அது ஒரு லக்ஸ். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும்; பௌர்ணமி நிலவு சுமார் கால் லக்ஸ்தான் தரும். வகுப்பறைக்கு 300 லக்ஸ் என்றும், போக்குவரத்துக் குறைந்த தெருவுக்கு 4 லக்ஸ், சற்று மிகுந்த தெருவுக்கு 8 லக்ஸ் என்றும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிரமாணங்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. பிரமாணம் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிரயோகிக்கும் வழக்கந்தான் இன்னும் வரவில்லை.

2015-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி மத்திய அரசு வீட்டு விளக்குகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் எல்இடி திட்டங்களைத் தொடங்கிய பின்பு, குழல்விளக்கும் சோடியம் விளக்கும் ஊர் ஊராக விடைபெற்றன. மின்சாரம் மிச்சமாயிற்று என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் மிச்சத்தை வாட்டில் கணக்கிட்ட நாம், கைக்கு வந்த ஒளியை எதிலும் கணக்கிடவில்லை. வாட் என்பது விளக்கு உட்கொள்ளும் மின்சாரத்தைச் சொல்லுமேயன்றி, தரையில் வந்து விழும் வெளிச்சத்தைச் சொல்லாது. பழைய பல்பு இழை அறுந்து ஒரே கணத்தில் அணைந்துவிடும். குழல்விளக்கு முனைகள் கறுத்து, சிமிட்டிச் சிமிட்டித் தன் அந்திமத்தை அறிவிக்கும். எல்இடி அப்படியொன்றும் செய்யாமல் வருஷக்கணக்கில் சிறுகச் சிறுக மங்குவதால், ஆரம்ப ஒளியில் 70 சதவீதத்துக்கு அது இறங்கும் நாளையே அதன் ஆயுளின் முடிவாக அத்தொழிலில் உள்ளவர்கள் கொள்கிறார்கள். அந்நாள் கடந்த பின்னும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அதன் கண்ணாடியில் புழுதியும் பூச்சிகளின் உடலும் படிந்துகொண்டேயிருக்கும். எரிவதால் புகார் வராது, புகார் வராததால் யாரும் ஏணி எடுத்து வரமாட்டார்கள். மங்கலைக் கண்டுபிடிக்க அளவையைத் தவிர வேறு உபாயம் இல்லாத விளக்கை ஊரெங்கும் மாட்டிவிட்டு, அளவையை மட்டும் வாங்காமல் விட்டது அரைகுறைச் சீர்திருத்தம்.

ஒளியின் அளவோடு அதன் நிறமும் அளக்கத்தக்கதே. கொல்லனுலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளித்து, இன்னும் காய்ந்தால் வெண்மை கொள்வதைப் பார்த்திருக்கிறோம். எந்த ஒளியின் நிறத்தையும் அவ்வாறு காய்ந்த பொருளொன்றின் உஷ்ணத்தோடு ஒப்பிட்டுக் கெல்வின் அளவில் குறிப்பதே நிற வெப்பநிலை. அகல்விளக்கின் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய இழைபல்பு 2,700. நடுப்பகல் வெயில் 5,500. கடைகளில் ‘கூல் டேலைட்’ என்று விற்கும் எல்இடி 6,500. கெல்வின் ஏற ஏற ஒளியில் நீலத்தின் பங்கும் ஏறும். இரவில் அந்த நீலம், உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பதைத் தடுப்பதைக் கருதியே, அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ஆம் ஆண்டில் தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று யோசனை கூறியது.

நம் பள்ளத்தாக்குக்கு இதில் வேறொரு சொந்த விசாரமும் உண்டு. வயலில் விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும் விவசாயிக்குப் பூச்சி வெளிச்சத்தை நாடும் என்று யாரும் போதிக்க வேண்டியதில்லை. நீலம் மிகுந்த வெளிச்சத்தை அது மிகுதியாக நாடும் என்பதையும் ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை விளையும் தோட்டத்தின் ஓரத்தில் 6,500 கெல்வின் விளக்கை நிறுத்துவதாவது, இரவு முழுவதும் பூச்சியை அழைக்கும் பொறியொன்றை ஊர்ச் செலவில் நிறுத்துவதே. வந்த பூச்சியை அழிக்க மட்டும் அதில் ஏற்பாடு கிடையாது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் விளிம்பில், இருட்டையே நம்பி நடமாடும் ஜீவராசிகளின் நிமித்தமும், எந்த நிற விளக்கை எங்கே வைப்பது என்பது யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயமாகும்.

இந்த அளவைகளெல்லாம் நம்மவர்க்குப் புதியனவும் அல்ல. கழுத்தில் தொங்கும் லைட் மீட்டரை நடிகரின் முகத்தருகே நீட்டிப் பார்க்காமல் காமிராவை ஓடவிட்ட ஒளிப்பதிவாளர் படச்சுருள் காலத்துத் தமிழ்ச் சினிமாவில் அபூர்வம். தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் ‘16 வயதினிலே’ படத்தை ஸ்டூடியோவுக்கு வெளியே கொண்டுபோனபோது பி. எஸ். நிவாஸும், இயற்கை ஒளியையே பெரிதும் நம்பிப் படமெடுத்த பாலு மகேந்திராவும் செய்தது கலையென்றால், அந்தக் கலைக்கு அடியில் இருந்தது கணக்கு. விளக்கொளிக்கென்று 3,200 கெல்வினுக்குச் செய்த சுருளை வெயிலில் ஓட்டினால் முகங்கள் நீலம் பாரிக்கும் என்று அறிந்து, செம்மஞ்சள் வடிகட்டியை லென்ஸின் முன் வைத்தார்கள். தயாரிப்பாளரின் பணம் சுருளோடு வீணாகிவிடும் என்ற அச்சம் அவர்களை ஜாக்கிரதையாக்கிற்று. பொதுப்பணத்துக்கும் அத்தகைய அச்சம் ஒன்று வேண்டும்.

கண்ணிருக்கக் கருவி எதற்கு என்று ஆட்சேபிப்பவர்கள் இருப்பார்கள். கண் இந்த வழக்கில் நம்பத்தகாத சாட்சி: இருளில் சற்று நின்றால் இருளுக்கும், பளீரென்ற விளக்கைப் பார்த்தால் அதற்கும் தன்னைச் சரிசெய்துகொண்டு, 2 லக்ஸையும் 4 லக்ஸையும் தனித்தனியே காட்டினால் வித்தியாசம் சொல்லத் தெரியாமல் விழிக்கும், கூசும் விளக்கைப் பிரகாசமான விளக்கென்றும் மயங்கும். கைபேசியில் செயலி இருக்கிறதே என்பார்கள்; அதிலுள்ள உணரி திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைத்ததாகையால், ஒரு கைபேசி சொல்வதை மற்றொன்று மறுக்கும்; ஒப்பந்தக்காரரிடம் வழக்காட அது உதவாது. செலவோ பெரிதன்று: லக்ஸ் மட்டும் அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, நிறத்தையும் அளப்பது பல மடங்கு விலையாதலால், ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒன்றாக வாங்கி ஊர்தோறும் சுற்றிவரச் செய்யலாம். கடைக்காரரின் எடைக்கல்லுக்கு முத்திரையிடும் அரசு இதையும் குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சரிபார்க்கச் செய்வது இயலாத காரியமன்று.

அளவையிலும் தந்திரம் நுழையாதா என்றால், நுழையும். கம்பத்துக்கு நேர் கீழே நின்று அளந்தால் எந்த விளக்கும் தேறிவிடும். ஆகவே நிலவில்லாத இரவில், தரைமட்டத்தில், இரண்டு கம்பங்களுக்கு இடையே சமதூரப் புள்ளிகளில் அளந்து, சராசரியையும் எல்லாவற்றிலும் குறைந்த அளவையும் சேர்த்தே எழுத வேண்டும். வழிநடப்பவர் இடறுவது அந்தக் குறைந்த இடத்தில்தான்.

விளக்கு வாங்கும் ஒப்பந்தப் பத்திரத்தில் வாட்டோடு நில்லாமல் லக்ஸும் கெல்வினும் எழுதப்படவேண்டும். காட்டோரத்திலும் தோட்டத்தோரத்திலும் 3,000 கெல்வினுக்கு மேற்பட்ட விளக்கு கூடாது. பொருத்திய அன்றும் அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் அளந்து, பள்ளி வகுப்பறைகளின் கணக்கையும் சேர்த்து, அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் வாசிக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். வாசித்த எண் பிரமாணத்துக்குக் குறைந்தால், குறையை நிவர்த்தி செய்து மறுபடி அளந்து காட்டும்வரை ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கலாகாது.