கைத்தொலைபேசிக்கும் நற்சாட்சிப் பத்திரமா?



"அத்தாட்சி எங்கே?" என்ற கேள்வி எமக்குப் புதியதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் வழியில் இந்நாட்டுப் பிறப்பை நிரூபிக்கும்படி தோட்ட மக்களிடம் கேட்டது. பத்திரமில்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னிக்குப் போன எம்மவர்கள் சோதனைச் சாவடிகளில் நின்றதை உங்களில் பலர் நேரில் அறிவீர்கள். இப்போது இதே கேள்வி கைத்தொலைபேசியிடம் கேட்கப்படுகிறது.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கூகுள் பொறியியலாளர்களின் 'வெப் என்வயர்மென்ட் இன்டெக்ரிட்டி' என்ற யோசனை பலத்த சர்ச்சைக்குள்ளானது. நாம் ஓர் இணையத்தளத்தைத் திறந்தால், "இந்தப் போனும் குரோம் போன்ற உலாவியும் மாற்றப்படாதவையா?" என்று அத்தளம் விசாரிக்கும். போன் சொல்லும் பதில் மட்டும் போதாது. கூகுள் போன்ற மூன்றாந் தரப்பு ஒப்பமிட்ட சீட்டும் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் நற்சாட்சிப் பத்திரம் போலத்தான். (அவரிடமாவது நேரில் போய்ச் சண்டை பிடிக்கலாம்!)

போலிக் கணக்குகளையும் ஆளில்லா இயந்திரப் பார்வைகளையும் தடுப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கம் பிழையல்ல. ஆனால் எந்தப் போன், எந்த உலாவி என்று பாராமல் எல்லோருக்கும் திறந்திருப்பதே இணையத்தின் சிறப்பு. கந்தப்பளை லயன்களில் உள்ளவை பெரும்பாலும் கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி பாவித்துவிட்டுத் தந்த பழைய போன்கள். அவற்றுக்குச் சீட்டு மறுக்கப்பட்டால்?

பயர்பொக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லாவும், பிரேவ், விவால்டி நிறுவனங்களும் எதிர்த்தன. 2023 நவம்பரில் கூகுள் யோசனையைக் கைவிட்டது.

எனினும் செயலிகளில் இம்முறை 'பிளே இன்டெக்ரிட்டி' என்ற பெயரில் நடைமுறையில் உண்டு. அண்ட்ரொயிட் 13 அல்லது அதற்குப் பிந்திய போன் ஒன்று அதன் மிக உயர்ந்த தரத்தைப் பெற, கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைத்திருக்க வேண்டும். கம்பனி புதுப்பிப்பை நிறுத்தினால் அது போன் வைத்திருப்பவளின் குற்றமா?

எனது கவலை வேறொன்று. தன் போன் ஏற்கப்படாத பெண் அயலவர் போனைத்தான் கேட்பாள். அப்போது அவளது வங்கிக் கணக்கு, கொடுப்பனவு விபரம், இரகசிய இலக்கம் எல்லாம் இன்னொருவர் கையில். தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆர் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டும் கொண்டுபோக முடிந்தது. அரச சேவைகள் எல்லாவற்றிலும் அப்படியொரு கடதாசி வழி இருக்கவேண்டும். செயலி உங்கள் போனை மறுத்தால் உடனே புதுப் போனுக்குக் கடன்படாதீர்கள். திரையில் வரும் செய்தியை அப்படியே எழுதிக்கொண்டு கருமபீடத்துக்குப் போய், படிவம் தரும்படி கேளுங்கள்.