வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 265 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றே அதிகம். இதைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறார்கள். சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல், ஆறு ஏழு மணி நேரம். ஆகாயத்திலோ ஒரு மணி! இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஒரு மணி எங்கே ஆரம்பிக்கிறது?

லாஸ்பேட்டை விமான நிலையத்தில் யாரும் குடித்தனம் செய்யவில்லை. பாகூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பஸ் ஏறி, வழியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வந்து, நகரத்தில் இறங்கி, வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஒன்றரை மணி போயிற்று. விமானம் கிளம்ப ஒரு மணி இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள். புத்தியுள்ளவன் அதற்கும் அரை மணி முன்னால் போவான். பிறகு பறக்கலாம். இறங்குவது பெங்களூரிலா? இல்லை, தேவனஹள்ளியில். 2008 முதல் விமான நிலையம் அங்கேதான். நகரத்தின் நடுவுக்கு வர இன்னும் 35 கிலோமீட்டர் போல உண்டு. அந்த ஊர் நெரிசலில் அது ஒன்றரை மணி. பெட்டிக்குக் காத்திருப்பதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: ஆறு மணி நேரம்!

பஸ்ஸில் போனாலும் பாகூரிலிருந்து நகரத்துக்கு வரத்தானே வேண்டும் என்பீர்கள். வாஸ்தவம். மிச்சமாவது ஒன்றிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விமானம் இருக்கிற காலத்தில்தான்! 2013-இல் பெங்களூர் விமானம் வந்தது. அடுத்த ஆண்டே நின்றது. 2017-இல் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்குப் பறந்தார்கள். 2024 மார்ச்சில் சேவை அடியோடு நின்று, டிசம்பரில் வேறு கம்பெனியின் சிறு விமானம் வந்தது. 1879-இல் போட்ட விழுப்புரம் ரயில் பாதையோ இன்றும் வில்லியனூர் வழியாகத்தான் போகிறது.

விமானம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசரக்காரர் போகட்டும், உல்லாசப் பயணிகள் வரட்டும். ஆனால் ஒரு மணிப் பறத்தலுக்கு 2,500 ரூபாய் என்று பாதி ஆசனங்களுக்கு உச்சவரம்பு வைத்து, குறைகிற பணத்தை ஈடுகட்ட அரசாங்கமே ஏற்பாடு செய்தது அல்லவா? ஓடுபாதை 1,500 மீட்டர்தான், பெரிய விமானம் இறங்காது, தமிழ்நாட்டு நிலத்தை வாங்கி நீட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசுகிறோம் அல்லவா? அந்த அக்கறையில் கால் பங்காவது கிராமத்துப் பஸ்ஸுக்கு உண்டா?

பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிற பெண்ணுக்கு ஆயுளில் ஒரு முறை பெங்களூர் போக வேண்டியிருக்குமோ என்னவோ! கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அவள் பல முறை போக வேண்டும். பிள்ளைக்கு ஜுரம் கண்டால் ராத்திரியிலும் போக வேண்டும். அவள் வீட்டு வாசலிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை நிமிஷம்? இதை எந்தக் கால அட்டவணையும் சொல்வதில்லை. அச்சிட்டால் நமக்கு வெட்கமாக இருக்கும் என்பதனாலோ?

இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு நகரத்துக்கும் அதன் கிராமத்துக்கும் இடையே உள்ள தூரத்தை முதலில் அளப்போம். அதைக் குறைத்துக் காட்டிவிட்டு, அப்புறம் பறக்கலாம்.