பழைய கேமிங் கணினி: மேம்படுத்துவதா, மாற்றுவதா? நினைவக விலை உயர்வால் மாறும் கணக்கு

புதுடெல்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதே காலகட்டத்தில் நினைவகச் சிப்புகளின் விலையும் உலக அளவில் வேகமாக உயரத் தொடங்கியது. இவ்விரு மாற்றங்களும் சேர்ந்து, எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேமிங் கணினியை வைத்திருப்போரை இக்கட்டில் நிறுத்தியுள்ளன. பல வீடுகளில் அதே கணினியே படிப்புக்கும் வங்கிப் பரிவர்த்தனைக்கும் பயன்படுவதால், இது பொழுதுபோக்கு சார்ந்த முடிவு மட்டுமன்று.

தடையாக இருப்பது எது?

விண்டோஸ் 11 இயங்குவதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை. செயலியைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசையும் அவற்றுக்குப் பிந்தையவையுமே ஏற்கப்படுகின்றன. எனவே 2017-க்கு முன் வாங்கப்பட்ட கணினிகள் நன்றாக இயங்கினாலும் பெரும்பாலும் தகுதி பெறுவதில்லை.

விளையாட்டு நிறுவனங்களும் இத்தகைய நிபந்தனைகளை விதிக்கத் தொடங்கியுள்ளன. 2025 அக்டோபரில் வெளியான ‘பேட்டில்ஃபீல்டு 6’ விளையாட்டுக்கு ‘செக்யூர் பூட்’ வசதி கட்டாயம். நவம்பரில் வெளியான ‘கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7’ விளையாட்டுக்கு அதனுடன் டிபிஎம் 2.0 வசதியும் தேவை.

விலை உயர்வின் பின்னணி

உலகின் டிரேம் நினைவக உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் உள்ளது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான உயர்ரக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால், அவற்றின் கவனம் அத்திசையில் திரும்பியுள்ளது. நுகர்வோருக்கான ‘குரூசியல்’ வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது இதன் வெளிப்பாடே.

இந்திய நுகர்வோருக்கு வரிச் சலுகையும் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி சீரமைப்பில் பெரிய தொலைக்காட்சிகளுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கணினிகளுக்கான வரி 18 சதவீதமாகவே நீடிக்கிறது. குஜராத்தின் சனந்தில் மைக்ரான் அமைத்துள்ள ஆலையும் சிப்புகளைப் பொருத்திச் சோதிப்பதற்கானதே; சிப்புகளை உருவாக்கும் ஆலை அன்று.

தலைகீழாகும் கணக்கு

குறைந்த செலவில் கணினியை வேகப்படுத்த ரேமைக் கூட்டுவதே முன்பு எளிய வழியாக இருந்தது. இப்போது அதுவே செலவு மிக்கதாகிவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்பதால், அதற்கு மாறுவோர் செயலி, மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மாறாக, பழைய ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்போரில் பலர், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, ரைசன் 5000 வரிசைச் செயலியை மட்டும் பொருத்திக்கொள்ளலாம். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான செயலிகளுக்கும் டிடிஆர்4 ரேமை ஏற்கும் மதர்போர்டுகள் உள்ளன. இவ்விரு வழிகளிலும் கையிலுள்ள டிடிஆர்4 ரேம் வீணாவதில்லை.

செலவுக்கு முன் சோதனை

பல கணினிகளில் டிபிஎம் வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. பயாஸ் அமைப்பில் அதை இயக்கச் செலவேதும் இல்லை. செயலி தகுதி பெறாத நிலையில், மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையெனில் 30 டாலர் அல்லது அதற்கு இணையான தொகை செலுத்த வேண்டும். இத்திட்டத்தின்கீழ் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும்.

எனினும், காத்திருந்தால் விலை குறையும் என்ற வழக்கமான நம்பிக்கை இம்முறை கைகொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. புதிய சிப் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, முழுக் கணினியையும் மாற்றுவதைவிட, இருக்கும் ரேமைத் தக்கவைத்துச் செயலியை மட்டும் உரிய காலத்துக்குள் மேம்படுத்துவதே இப்போதைக்குச் சிக்கனமான வழியாகத் தெரிகிறது.