மீதிச் சில்லறை எவ்வளவு?

"படிக்க அனுப்பினா, கடை வச்சு விளையாடிட்டு வர்றாங்க!" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. அந்த விளையாட்டுதான் இப்போது பாடமே.

கற்பித்தல் கழுகுமலைக்குப் புதிதல்ல. மலையிலுள்ள சமணச் சிற்பங்களின் கீழே, 1,200 ஆண்டுகளுக்கு முன்பே குருக்கள், பெண் ஆசிரியர்களான குரத்தியர், மாணாக்கர் எனப் பலரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். இன்று இங்குள்ள அரசுப் பள்ளிகளிலும் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. கொரோனா கால கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் இது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளின் நிலைக்கேற்ப பாட்டு, நடிப்பு, விளையாட்டு வழியே பாடம்.

உதாரணத்துக்கு, வகுப்பறையில் ஒரு கடலைமிட்டாய் கடை. கோவில்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! ஒருவர் கடைக்காரர், இன்னொருவர் வாடிக்கையாளர். 35 ரூபாய்க்கு வாங்கி, 50 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? கரும்பலகைக் கழித்தலுக்கு விழிக்கும் பிள்ளை, சில்லறை தன் கைக்கு வர வேண்டும் என்றால் விரல்விட்டு எண்ணிவிடும். தப்பினால் திட்டு கிடையாது. எதிரில் நிற்பவரே திருத்திவிடுவார்.

ஆனால், ஆட்டம் முடிந்ததும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அப்போதுதான் விளையாட்டு பாடமாகும். மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் வருந்துகிறார்கள். அந்தச் சுமை குறைந்தால்தான் இந்தக் கேள்விக்கு நேரம் கிடைக்கும்.

பெற்றோரும் உதவலாம். இன்று மாலை, "என்ன படிச்சே?" என்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு நீ கடைக்காரரா, வாடிக்கையாளரா?" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு தானாக வரும்!