பத்துத் தடவை எழுதினால் போதுமா?



போன மாசம் ஆங்கில டிக்டேஷனில் எனக்கு ஒரு மார்க் போச்சு. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லுக்கு முன்னாடி ஹெச் போடாமல் 'ஓ யூ ஆர்' என்று எழுதிவிட்டேன். பத்துத் தடவை எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே தப்பு! வாயில் வராத ஹெச்சை கை மட்டும் எப்படி ஞாபகம் வைக்கும்?

டீச்சரிடமே கேட்டேன். திட்டுவாங்க என்று நினைத்தேன். ஆனால் போர்டில் எழுதிக் காட்டினாங்க. அந்தச் சொல் கிரேக்கத்தில் பிறந்து, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். பழைய கிரேக்கர்கள் 'ஹோரா' என்றார்கள். இப்போது அங்கே 'ஓரா' தான். அந்த 'ஹ'வுக்காக எழுத்தின் தலையில் போட்டு வந்த சின்னக் குறியைக்கூட 1982-ல் கிரீஸ் நாட்டில் எடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில்தான் இன்னும் விடவில்லை, மார்க் போவது நமக்கு!

அன்றைக்கே கிரேக்கத்தில் 'இப்போது' என்பதற்கு உள்ள சொல்லையும் கற்றுக்கொண்டேன். 'தோரா'. முதல் எழுத்தை அழுத்திச் சொல்லணும். எழுதுவதும் சுலபம். டௌ, ஒமேகா, ரோ, ஆல்ஃபா, நாலும் அக்காவோட பிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கிற எழுத்துகள். இந்தச் சொல்லுக்குள்ளேயும் 'ஓரா' ஒளிந்திருக்கிறது. 'இந்த நேரத்தில்' என்று பொருள்படும் பழைய இரண்டு சொற்கள் ஒட்டித் தேய்ந்து 'தோரா' ஆகிவிட்டதாம்.

நம்ம 'இப்போ'வும் அப்படித்தானே! இ + பொழுது, இப்பொழுது. அது இப்போது ஆகி, இப்போ ஆகி, எங்க பாட்டி வாயில் 'இப்ப' என்று நிற்கிறது. கிரேக்கர்கள் தேய்ந்த சொல்லையே புத்தகத்தில் எழுதுகிறார்கள். நான் கட்டுரையில் 'இப்போ' எழுதினால் சிவப்பு வட்டம். (தமிழய்யா கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

பாட்டி தினசரி காலண்டரில் 'சுக்கிர ஓரை' பார்த்துத்தான் நல்ல காரியம் தொடங்குவாங்க. அந்த ஓரையும் கிரேக்க 'ஹோரா'தான், வடமொழி ஜோதிடம் வழியாக வந்தது. பாட்டியிடம் சொன்னேன், நம்பவே இல்லை.

"கிரேக்கம் படிச்சு என்னடி பண்ணப் போறே?" என்று வகுப்பில் சிரித்தார்கள். ஒன்றும் பண்ணப் போவதில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ஹெச்சை நான் ஒரு தடவைகூட விடவில்லை.

வாரம் பத்துச் சொற்கள் கொடுக்கிறீர்கள். பத்துக்கும் கதை சொன்னால் போர்ஷன் முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஒரே ஒரு சொல்லுக்காவது அது எங்கேயிருந்து வந்தது என்று சொல்லுங்கள் டீச்சர். மீதி ஒன்பதையும் பத்துப் பத்துத் தடவை எழுதிவிடுகிறோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி